ஓட்டன் பேரைத் தேடாதீர்கள், சர்வே நம்பரைத் தேடுங்கள்

எங்கள் பூர்வீகத் தோட்டம் தாராபுரம் பக்கம் இருக்கிறது. அப்பாருடைய (தாத்தாவுடைய) அப்பா பேர் வரைக்கும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேலே, ஓட்டன் பேரைக் கேட்டால் "பஞ்சத்துக்குத் தப்பி இங்கே வந்தாங்க", "நாலு பேர் அண்ணந்தம்பிங்க" என்று ஆளுக்கொரு கதை. எதுதான் உண்மை, பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். பதினோரு மாதம் ஆனது. அதில் முதல் நாலு மாதம் சுத்தமாக வீண்.

வீணானதற்குக் காரணம், நான் பேரைத் தேடிப் போனதுதான். எங்கள் பக்கம் பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பார்கள். ராமசாமி மகன் பழனிசாமி, பழனிசாமி மகன் ராமசாமி, திரும்ப அவர் மகன் பழனிசாமி. பங்காளி வீட்டிலும் அதே தாத்தா பேர்தான். ஆக, ஒரே ஊரில் ஒரே காலத்தில் மூன்று பழனிசாமி இருப்பார்கள். பதிவு அலுவலகத்தில் பேரைச் சொன்னதும், "எந்தப் பழனிசாமிங்க?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

ஆள் செத்துப் போவார், பேர் மாறும். நிலம் அங்கேயேதான் கிடக்கும். நிலத்தின் எண்ணைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தால், அதன்மேல் வரிசையாக யார் யார் நின்றார்கள் என்பது தானாகத் தெரியும். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு வேலைக்கான படிகள்தான். இது தமிழ்நாட்டில் ரயத்துவாரி முறையில் இருந்த ஊர்களுக்கு அப்படியே பொருந்தும். ரயத்துவாரி என்றால் என்ன, மற்ற ஊர்களுக்கு எங்கே மாறும் என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

1. முதலில் டிரங்குப் பெட்டி

அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியைத் திறங்கள். பழைய பத்திரம், கந்தாய (நிலவரி) ரசீது, பாகப்பிரிவினைக் காகிதம், கோர்ட் நோட்டீஸ், கடன் சீட்டு என எது கிடைத்தாலும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பத்திரத்தின் பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பதிவு எண், புத்தகம், வால்யூம், பக்கம், முத்திரைத்தாள் வாங்கிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

அடுத்து, பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. "உங்க தாத்தாவுக்குத் தாத்தா பேர் என்ன?" என்று கேட்டால் பேர் வராது, கதைதான் வரும். இப்படிக் கேளுங்கள்: "நம்ம கிணத்துக்கு யார் யார் பங்கு?" "எந்தக் காடு முதல்ல நம்மது, எது பின்னாடி வாங்கினது?" "எந்த வீட்டோட நமக்கு வழக்கு நடந்தது?" கடைசிக் கேள்விக்கு எல்லா வீட்டிலும் பதில் உண்டு. எங்கள் பெரியாத்தாவுக்கு ஓட்டன் பேர் தெரியவில்லை. ஆனால் கிணற்று முறையில் எந்த நாள் யாருக்கு என்பதைப் பிசகில்லாமல் சொன்னார். அதுதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

2. இன்றைய எண்ணை உறுதி செய்யுங்கள்

தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நில விவரம் எழுதியது), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். காசு கிடையாது, கைபேசி எண் இருந்தால் போதும். மாவட்டம், தாலுகா, கிராமம் தேர்ந்தெடுத்து சர்வே எண், உட்பிரிவு எண் கொடுங்கள்.

இங்கே முதல் குழி: நீங்கள் ஊர் என்று சொல்வது பெரும்பாலும் குக்கிராமம். அரசுக்கு வேண்டியது வருவாய் கிராமத்தின் பேர். பத்துப் பன்னிரண்டு குக்கிராமம் சேர்ந்து ஒரு வருவாய் கிராமமாக, நீங்கள் கேள்விப்படாத பேரில்கூட இருக்கலாம். பட்டாவில் இருக்கும் கிராமப் பேரை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குழி: உட்பிரிவு. இன்று 214/3பி2 என்று இருப்பது நூறு வருஷத்துக்கு முன் வெறும் 214. பின்னோக்கிப் போகும்போது சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை உதறிவிடுங்கள். அந்த 214 முழுவதற்கும், சுற்றியுள்ள நாலைந்து எண்களுக்கும் சேர்த்து அ-பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் உங்கள் பங்காளிகள்.

3. அந்தக் காலத்தில் உங்கள் ஊர் எந்த மாவட்டம்?

தாராபுரம் இன்று திருப்பூர் மாவட்டம். 2009க்கு முன் ஈரோடு. 1979க்கு முன் கோயம்புத்தூர். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதம் தேடுகிறவர் கோயம்புத்தூர் என்றே தேட வேண்டும். கரூர்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, பிறகு திருச்சிக்குப் போனது. மாவட்டம் மாறியபோது சில பதிவேடுகள் கூடவே போயின, சில பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. எது எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதோடு இன்னொன்றும் தெரிய வேண்டும்: உங்கள் ஊர் ரயத்துவாரியா, ஜமீனா, இனாமா?

ரயத்துவாரி என்றால் விவசாயி நேராகச் சர்க்காருக்குத் தீர்வை (நிலவரி) கட்டினார். அதனால் அவர் பேர் சர்க்கார் பதிவேட்டில் இருக்கும். ஜமீன் ஊரில் கட்டியது ஜமீன்தார். உழுதவர் பேர் ஜமீன் கணக்கில்தான் இருந்தது. 1948 ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகே பல ஜமீன் ஊர்களில் சர்க்கார் ஒழுங்காக செட்டில்மென்ட் (நிலத்தை அளந்து, தரம் பார்த்து, தீர்வை விதிப்பது) செய்தது. அந்த ஊர்க்காரர்கள் நாலாம் படியில் அதிகம் நம்பிக்கை வைக்காமல் ஐந்தாம் படிக்குத் தாவுங்கள். இனாம் ஊர் அல்லது இனாம் நிலம் (தீர்வையை நீக்கியோ குறைத்தோ மானியமாகக் கொடுத்தது) என்றால் 1860-களை ஒட்டி எழுதப்பட்ட இனாம் பதிவேடு இருக்கிறது. இனாம்தாரின் பேர், வயது, யாருக்கு முதலில் கொடுத்தது, எப்படி வாரிசாக வந்தது என்று விலாவாரியாக இருக்கும். வம்சம் தேடுகிறவருக்கு அது புதையல். ஆனால் இனாம்தார் குடும்பத்துக்குத்தான் புதையல், அவரிடம் வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதவருக்கு அல்ல.

கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவாங்கூரையும், பிறகு அமைந்த திருவாங்கூர்-கொச்சியையும் சேர்ந்தவை. அங்கே பட்டாவுக்குப் பதில் தண்டப்பேர், ஆண்டுக்குக் கொல்லம் ஆண்டு, பழைய காகிதத்துக்குத் திருவனந்தபுரம். புதுக்கோட்டையும் தனிச் சமஸ்தானம். இந்த மூன்று பகுதிக்காரர்களும் படிகளின் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. எண்ணின் சங்கிலி

இன்றைய கணினிப் பட்டாவுக்கு அடிப்படை 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம். எல்லோரும் யு.டி.ஆர். என்பார்கள். ஹெக்டேர், ஏர் என்று அளவு இருந்தால் அது யு.டி.ஆர். அதற்கு முந்தையது ஏக்கர், சென்ட் கணக்கில் எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு. எஸ்.எல்.ஆர். என்றும் மறு செட்டில்மென்டுக்கு ஆர்.எஸ்.எல்.ஆர். என்றும் சொல்வார்கள். அதற்கும் முந்தையது பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கு. எஸ்.எல்.ஆரில் ஒவ்வொரு புலத்துக்கும் பழைய எண் என்று ஒரு கட்டம் உண்டு. அதுதான் முந்தைய அளவைக்குப் போகும் கதவு.

எஸ்.எல்.ஆரில் ஒரு வரியில் கிடைப்பவை: புல எண் (சர்வே எண்தான்), பழைய எண், நஞ்சையா புஞ்சையா, தரம், விஸ்தீரணம், தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பேர். பேர்களில் கூட்டுப்பட்டாவைத் தேடுங்கள். ஒரே புலத்துக்கு மூன்று பேர் பட்டாதாரராக இருந்தால் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள் அல்லது அண்ணன் மகனும் சித்தப்பாவும். ஆனால் "பெரும்பாலும்" என்பதை மறக்காதீர்கள். சேர்ந்து வாங்கிய மாமன் மச்சானாகவும் இருக்கலாம்.

இவை எங்கே இருக்கும்? யு.டி.ஆர். பதிவேடு தாலுகா அலுவலகத்தில். எஸ்.எல்.ஆர். தாலுகா அலுவலகத்தில் இருக்கலாம், ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் இருக்கலாம், நில அளவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் இருக்கலாம். எங்குமே இல்லை என்றால் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அது ஒன்பதாம் படி.

நேரில் போய்க் கேட்டால் "அதெல்லாம் இப்ப இல்லைங்க" என்ற பதில் சுலபமாக வரும். நான் கேட்ட ஓர் அலுவலகத்தில் இரண்டு தடவை அப்படிச் சொன்னார்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். அதே அலுவலகத்திலிருந்து நகல் வந்தது. மனுவுக்குப் பத்து ரூபாய், கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.

மனு எழுதுவதில்தான் சூட்சுமம். "என் முன்னோர்கள் பற்றிய விவரம் தரவும்" என்று எழுதினால் "அப்படிப்பட்ட பதிவேடு பராமரிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "இன்ன தாலுகா, இன்ன வருவாய் கிராமம், புல எண் 210 முதல் 218 வரை, செட்டில்மென்ட் பதிவேட்டின் சான்றிட்ட நகல்" என்று எழுதுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு பதிவேடு. அந்தப் பதிவேடு வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை அங்கே மாற்றி அனுப்பும்படியும் ஒரு வரி சேருங்கள்.

பழைய கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) வீட்டையும் விடாதீர்கள். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தன. ஒப்படைக்காமல் வீட்டிலேயே தங்கிவிட்ட பழைய கணக்குகள் சில ஊர்களில் இன்னும் பேரன்மார் கையில் இருக்கின்றன. நிலத் தகராறு எதற்கோ வந்திருக்கிறோம் என்று அவர்கள் பயப்படுவார்கள். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வாங்கிவர முயலாமல் அங்கேயே போட்டோ எடுங்கள்.

5. பத்திரம்: உறவு தெரியும் இடம்

பட்டா பேரை மட்டும் சொல்லும். இன்னார் இன்னாருக்கு என்ன உறவு என்பதைப் பத்திரம்தான் சொல்லும். இந்தியாவில் பதிவுச் சட்டம் 1864-ல் வந்தது, நம் பக்கம் 1865 முதல் பதிவுப் புத்தகங்கள் உண்டு. அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஒன்றாம் புத்தகத்தில், உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் நகல் எடுத்து எழுதப்பட்டிருக்கும்.

ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்வையிடலாம். சட்டத்தின் 57-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. உயில் எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். "வாரிசுச் சான்று கொண்டு வாருங்கள்" என்று கேட்டால் இந்தப் பிரிவைப் பணிவாக நினைவுபடுத்துங்கள்.

பத்திரத்தை அடைய இரண்டு வழி. ஒன்று, பெட்டியில் கிடைத்த பழைய பத்திரத்தின் எண். எண், ஆண்டு, சார்பதிவகம் மூன்றும் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிலிருந்து எண் தொடங்குவதால் எண் மட்டும் இருந்து பயனில்லை. இரண்டு, வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்). இணையத்தில் வருவது பல அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிறகு மட்டுமே. அதற்கு முந்தையதைக் கையால் தேடித்தான் தருவார்கள், தேடும் ஆண்டுகளைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவார்கள். 1865-லிருந்து 1975 வரை மொத்தமாகக் கேட்காதீர்கள். செலவும் ஏறும், தேடுகிற எழுத்தருக்கு மனசும் வராது. எஸ்.எல்.ஆரில் பட்டா பேர் எந்தக் காலத்தில் மாறியது என்று பார்த்து, அதை ஒட்டிய பதினைந்து இருபது ஆண்டுக்கு மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஊர் அன்று எந்தச் சார்பதிவகத்தின் கீழ் இருந்தது என்பதையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைய அலுவலகமே 1890-ல் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

சரி, நகல் கைக்கு வந்துவிட்டது. எதைப் படிப்பது? எல்லோரும் விற்றவர், வாங்கியவர் பேரைப் படித்துவிட்டு மடித்து வைப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். உண்மையில் சரக்கு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

முதலாவது, சொத்து வந்த வகை. "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்றால் அப்பன் வழிச் சொத்து. "கிரயம் பெற்று" என்றால் வாங்கியது. பெரும்பாலும் முந்தைய பத்திரத்தின் ஆண்டையும் எண்ணையும் அதே வரியில் சொல்லியிருப்பார்கள். அதைப் பிடித்து அடுத்த நகலுக்கு மனு போடுங்கள்.

இரண்டாவது, செக்குபந்தி. நாலு எல்லையிலும் யார் பூமி என்று எழுதியிருக்கும். "என் சித்தப்பன் குமாரன் பூமிக்கு மேற்கு" என்று ஒரு வரி வந்தால், அரைநாள் வேலை மிச்சம்.

மூன்றாவது, கிணற்றுப் பங்கு. தோட்டக்கால் நிலத்தை விற்கும்போது "கிணற்றிலும் கவலையிலும் ஆறில் ஒரு பங்கு" என்று எழுதுவார்கள் (கவலை என்பது மாடு கட்டி நீர் இறைக்கும் ஏற்பாடு). இந்தப் பின்னம்தான் வம்சாவளி. எங்கள் 1893-ஆம் வருஷத்துப் பத்திரத்தில் ஆறில் ஒன்று என்று இருந்தது. இது எப்படி வரும்? மூன்று அண்ணன் தம்பிகள், அதில் ஒருவருக்கு இரண்டு மகன்கள். இல்லையென்றால் இரண்டு அண்ணன் தம்பிகள், ஒருவருக்கு மூன்று மகன்கள். எது சரி? பெரியாத்தா சொன்ன கிணற்று முறையை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு வீட்டுக்கு முழு இரண்டு நாள், இன்னொரு வீட்டுக்கு முழு இரண்டு நாள், மீதி இரண்டு நாளை இரண்டு வீடு பிரித்துக்கொள்கிறது. ஆக மூன்று அண்ணன் தம்பிகள். அந்தப் பத்திரத்தில் சொல்லியிருந்த 1869-ஆம் வருஷத்துப் போக்கியப் பத்திரத்தை (சொத்தை அனுபவிக்க விட்டுக் கடன் வாங்கியது) எடுத்தபோது, எழுதிக்கொடுத்தவர்கள் மூன்று பேர், மூவருக்கும் ஒரே தகப்பன் பேர். "நாலு பேர் அண்ணந்தம்பிங்க" என்ற கதை அன்றோடு முடிந்தது. நாலாவது ஆள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட மச்சான் என்று நினைக்கிறேன். சாட்சிகளையும் எழுதி வையுங்கள். பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு அங்கேதான் நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் அன்று இல்லை. அதற்காகவே தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று எழுதிக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே பதிவில் இல்லை என்பதற்காக விற்பனையே நடக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

6. படிக்கத் தெரிந்தால்தான் நகல்

பழைய கையெழுத்தில் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் இருக்காது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். இவற்றோடு சுருக்கக் குறிகள்: ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி, ௹ ரூபாய், ௸ மேற்படி, ௺ நம்பர். எண்கள் தமிழில்: ௲௮௱௭௰௬ என்றால் 1876. ஒரு தாளில் இவற்றை எழுதி மேசைமேல் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பத்திரம் தடுமாறினால் மூன்றாவது தானாக ஓடும். பழைய பத்திர எழுத்தர் யாராவது பக்கத்தில் இருந்தால் நூறு இருநூறு கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

தேதியில் மூன்று சிக்கல். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது என்றால் 1816-ஆ, 1876-ஆ, 1936-ஆ என்று முத்திரைத்தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தாது வருஷம் தை மாசம் என்பது 1877 ஜனவரி. கந்தாய ரசீதிலும் வருவாய்க் கணக்கிலும் வருவது பசலி. அதனோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜூலை முதல் ஜூன் வரை. பசலி 1290 என்றால் 1880 ஜூலையிலிருந்து 1881 ஜூன். இந்தக் கணக்குத் தெரியாமல் நான் ஒரு ரசீதை எழுநூறு வருஷத்துக்கு முந்தையது என்று அண்ணனிடம் பெருமையடித்தேன். அவர் இன்னும் மறக்கவில்லை.

அளவும் ஊருக்கு ஊர் மாறும். தஞ்சாவூர்ப் பக்கம் மா, வேலி. ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர். செங்கல்பட்டுப் பக்கம் காணி, 1.32 ஏக்கர். ஆனால் பின்னமாக எழுதும்போது மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று. நில அளவா, பங்கின் பின்னமா என்று வாக்கியத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டுப் பஞ்சக் கதையும் இந்தத் தேதிக் கணக்கில்தான் உடைந்தது. தாது வருஷப் பஞ்சம் 1876-ல் தொடங்கியது. 1869-லேயே கிணற்றை வைத்துப் போக்கியம் எழுதியிருக்கிறார்கள் என்றால், பஞ்சத்துக்கு ஏழு வருஷம் முன்பே ஊரில் கிணறு வெட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

7. பெண்களை எங்கே தேடுவது

பட்டாவில் பெண் பேர் அபூர்வம். பெண்கள் பேர் தெரிய வருவது மூன்று இடத்தில்: கணவன் இறந்து மகன் சின்னப் பையனாக இருக்கும்போது "மைனருக்குத் தாயும் கார்டியனுமான" என்று, ஜீவனாம்சப் பத்திரத்தில், பாகப்பிரிவினை வழக்கில். வழக்கு நடந்திருந்தால் தீர்ப்பு நகலுக்கு அந்த நீதிமன்றத்தில் மனு போடுங்கள். பிராதில் (வழக்கு மனுவில்) வம்சாவளி வரைந்திருப்பார்கள். இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக வரைந்தது அது என்பதால், அதைச் சாட்சியமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவேடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிராமங்களின் பழைய பதிவேடுகள் சில சார்பதிவகத்திலும் தாலுகாவிலும் இருக்கும். பிறப்பில் குழந்தை பேர் இருக்காது, "ஆண்" என்று மட்டும் இருக்கும். இறப்புப் பதிவு பரவாயில்லை. மக்கள்தொகைக் கணக்கில் தேடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 1871 முதல் கணக்கெடுத்தார்கள்தான், ஆனால் நமக்குக் கிடைப்பது தொகை மட்டும், வீட்டுவாரிப் பேர்ப்பட்டியல் அல்ல. அங்கே நேரத்தைப் போடாதீர்கள். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இதையெல்லாம் விடப் பெரியது, முதலில் அங்கே போங்கள்.

8. பட்டாவே இல்லாத குடும்பம்

குத்தகைக்கோ பண்ணையத்துக்கோ உழுத குடும்பத்துக்கு இந்தச் சங்கிலி பாதியில் அறும். அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. குத்தகைச் சீட்டு ஒரு வருஷத்துக்கு மேற்பட்டதென்றால் பதிவாகியிருக்கும். நிலக்காரரின் எண்ணைப் பிடித்துத் தேடினால் எழுதிக்கொடுத்த குத்தகைக்காரர் பேர் வரும். தாழ்த்தப்பட்ட சமூகத்தாருக்கு 1892-க்குப் பிறகு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலங்கள் பதிவேடுகளில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு இன்று சட்டரீதியாகவும் முக்கியம் என்பதால் சான்றிட்ட நகலாகவே வாங்குங்கள்.

கப்பல் ஏறியவர்கள் விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஊரில் ஒரு காகிதத்திலும் பேர் இல்லாத கூலிக்கு, போன இடத்தில் முழு ஜாதகமே இருக்கும். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலில் பேர், தகப்பன் பேர், வயது, ஜாதி, மாவட்டம், தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. மொரீஷியஸ் போனவர்களின் குடியேற்றப் பதிவுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊர்ப் பேரை வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்; வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், பிடிபடும்.

9. கடைசியாக எழும்பூர்

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைப் பலரும் முதல் படியாக வைத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். மாவட்டம், தாலுகா, கிராமம், பழைய எண் இல்லாமல் அங்கே போய் நின்றால் கடல் முன்னால் நின்ற மாதிரிதான். அந்த நாலும் கையில் இருந்தால் செட்டில்மென்ட் பதிவேடு, இனாம் பதிவேடு, பைமாஷ் ஆகியவற்றின் நகலுக்கு மனு கொடுக்கலாம். அடையாள அட்டை நகல், எதற்காக என்ற ஒரு வரிக் காரணம் கொண்டு போங்கள். சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பழைய பதிவேடு எல்லா ஊருக்கும் தப்பிப் பிழைத்திருக்கவில்லை. எங்கள் ஊர் பைமாஷ் கிடைக்கவில்லை, என் தேடல் அங்கேயே நின்றது.

10. செலவும் நாளும்

சர்க்கார் கட்டணம் பயப்படும்படி இருக்காது. தகவல் உரிமை மனுக்கள் ஏழு, பத்திர நகல்கள் ஐந்து, கையால் தேடிய வில்லங்கம் இரண்டு என்று எனக்கு ஆன மொத்தக் கட்டணத்தைவிடப் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போனதுதான் அதிகம். கட்டணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் பதிவுத்துறை இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். எல்லாவற்றுக்கும் ரசீது வாங்குங்கள். "நானே முடிச்சுத் தர்றேன், அஞ்சாயிரம் கொடுங்க" என்று வாசலில் நிற்பவரிடம் கொடுக்காதீர்கள். உங்கள் எண்ணுக்கு வேறு ஏதோ ஊரின் நகலைத் திணித்துவிட்டுப் போனால் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகும். எனக்கு ஆனது.

ஒரே நேரத்தில் எல்லா மனுவையும் போடாதீர்கள். ஒன்றின் பதிலில்தான் அடுத்ததற்கான எண் இருக்கும். இடைப்பட்ட நாளில் பெரியவர்களைப் பாருங்கள், அவர்களுக்கு முப்பது நாள் கெடு கிடையாது. நாம் நினைத்தபோது இருக்கவும் மாட்டார்கள்.

வேலையைத் தொடங்க நல்ல மாதம் ஆடிக்குப் பிறகு. மே, ஜூனில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை) நடக்கும். அப்போது தாலுகாவில் பழைய கணக்கெல்லாம் வெளியே எடுத்திருப்பார்கள்தான், ஆனால் உங்களுக்கு எடுத்துக் காட்ட ஒருவருக்கும் நேரம் இருக்காது. தேர்தல் வருஷம் என்றால் அதற்கு மேலும் மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள்.